அழிக்கவிடாத சேமிப்பு: ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜும் நிறுவனத் தரவுக் காப்பும்

ஒரு நிறுவனத்தின் கணக்கேடுகள், ஒப்பந்தங்கள், ஊழியர் பதிவேடுகள், பொறியியல் வரைபடங்கள் ஆகிய அனைத்தும் கணினிக் கோப்புகளாகிவிட்ட நிலையில், அவற்றின் மறுபிரதிகளை எங்கே, எவ்வாறு வைப்பது என்பது நிர்வாகத்தின் முதன்மைப் பொறுப்புகளுள் ஒன்றாகியுள்ளது. அந்தத் தேவைக்கு இன்று பெரிதும் பயன்படுவது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் எனப்படும் கிளவுட் சேமிப்பு முறை. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற பெயரில் இதை வாடகைச் சேவையாகத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட், கூகுள், பேக்பிளேஸ் முதலிய நிறுவனங்களும் இத்தகைய சேவைகளை நடத்துகின்றன. இம்முறையின் மலிவும் வட்டுப் பழுதைத் தாங்கும் திறனும் பரவலாகப் பேசப்படுகின்றன. ஆயினும், காப்புப் பணிக்கு இது பொருந்துவதற்கு அவற்றினும் வலுவான காரணம், உரிமையாளரின் கட்டளையைக்கூட மறுக்குமாறு இதை அமைத்துவிட முடியும் என்பதே.

வழக்கமான கணினி வட்டில் கோப்புகள் கோப்புறைகளுக்குள் அடுக்கடுக்காக அமைகின்றன. ஒரு கோப்பைத் திறந்து அதன் நடுவிலுள்ள ஒரு வரியை மட்டும் மாற்றவும் இயலும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் ஒவ்வொரு கோப்பும், அதைப் பற்றிய விவரக் குறிப்புகளும், அதற்குரிய தனிப்பெயரும் சேர்ந்து ஆப்ஜெக்ட் என்ற ஓர் அலகாகின்றன. இவ்வலகுகள் பக்கெட் எனப்படும் கொள்கலனில் அடுக்கு எதுவுமின்றி ஒரே தளத்தில் வைக்கப்படுகின்றன. பெயரில் சாய்கோடுகள் இட்டு ஆண்டு, மாதம் எனப் பிரித்துக் காட்டினாலும், அக்கோடு பெயரின் ஓர் எழுத்தேயன்றி உண்மையான கோப்புறை அன்று. எழுது, படி, பட்டியலிடு, அழி என்ற சில கட்டளைகள் இணையம் வழியே செல்கின்றன. ஆப்ஜெக்டின் ஒரு பகுதியை மட்டும் திருத்த வேண்டுமானாலும் பொதுவாக முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். நொடிக்கு நொடி மாறும் தரவுதளத்தை இயக்குவதற்கு இக்கட்டுப்பாடு இடையூறாகிறது. ஒருமுறை எழுதி, மாற்றாமல், தேவைப்படும்போது மட்டும் படிக்கப்படும் காப்புநகலுக்கோ இதுவே இசைவாகிறது.

சேமிப்புச் சேவை நடத்துவோரிடம் பெருந்தொகையான வட்டுகள் இருப்பதால், அவற்றுள் சில எப்போதும் பழுதடைந்தவண்ணமே இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று முழுப் பிரதிகள் வைத்தால் இழப்பைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்கு மும்மடங்கு இடம் வேண்டும். இச்சிக்கலுக்குக் கணிதம் வழிகாட்டியது. இரு புள்ளிகள் தெரிந்தால் அவற்றின் வழியே செல்லும் நேர்கோட்டை வரைந்துவிடலாம். அக்கோட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு புள்ளியையும் குறித்து வைத்தால், மூன்றில் எது தொலைந்தாலும் எஞ்சிய இரண்டைக் கொண்டு கோட்டை மீட்கலாம். இக்கருத்தை உயர்படிக் கோவைகளுக்கு விரித்து, இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டனர். பேக்பிளேஸ் நிறுவனம் 2015இல் விவரித்த அமைப்பில், கோப்பு 17 துண்டுகளாக்கப்பட்டு, அவற்றிலிருந்து கணக்கிடப்பட்ட 3 கூடுதல் துண்டுகளுடன் சேர்த்து 20 வெவ்வேறு கணினிகளில் வைக்கப்படுகிறது. எந்த 17 துண்டுகள் கிடைத்தாலும் கோப்பு முழுமையாகத் திரும்புகிறது. மூன்று முழுப் பிரதிகள் இரண்டின் இழப்பை மட்டுமே தாங்க, இம்முறை மூன்று துண்டுகளின் இழப்பைத் தாங்குகிறது. இதற்கு ஆகும் இடமோ மூல அளவில் ஏறத்தாழ 1.18 மடங்குதான்.

தரவு அழியாமல் நிலைக்கும் வாய்ப்பை இச்சேவைகள் ஆண்டுக்கு 99.999999999 விழுக்காடு என்ற வடிவமைப்பு இலக்காகக் குறிப்பிடுகின்றன; அதாவது, ஒரு கோடி ஆப்ஜெக்டுகளை வைத்திருப்பவர் சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒன்றை இழக்கலாம். இந்த எண்ணை நிறுவனங்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கின்றன. இது வட்டும் கணினியும் பழுதடைவதைப் பற்றிய கணக்கு. அனுமதி பெற்ற ஒருவர் அழிக்கச் சொன்னால், சேமிப்பு அக்கட்டளையையும் அதே நம்பகத்தோடு நிறைவேற்றிவிடும். மென்பொருள் உருவாக்குவோரின் நிரல்களைப் பாதுகாத்து வந்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் 2014 ஜூனில் ஊடுருவியவர், அதன் தரவையும் காப்புநகல்களையும் பெரும்பாலும் அழித்ததால், அந்நிறுவனம் தொழிலையே கைவிட நேர்ந்தது. வட்டு எதுவும் அங்கே பழுதடையவில்லை. மூலத்தையும் நகலையும் ஒரே கணக்கின் அதிகாரத்துக்குள் வைத்ததே கேடாயிற்று. ரான்சம்வேர் எனப்படும் பணயத் தீநிரலைப் பரப்புவோர் முதலில் காப்புநகல்களைத் தேடி அழிப்பதும் இதே பலவீனத்தைக் கருதியே.

இதற்கு மாற்றாக இரு வசதிகள் உருவாயின. முதலாவது வெர்ஷனிங் எனப்படும் பதிப்பு முறை: ஒரு பெயரில் புதிய ஆப்ஜெக்ட் எழுதப்பட்டாலும் பழையது மறையாமல் முந்தைய பதிப்பாக நிற்கும், அழி என்ற சாதாரணக் கட்டளை வந்தால், அழிக்கப்பட்டதற்கான அடையாளம் மட்டும் மேலே இடப்பட்டு, உள்ளடக்கம் அப்படியே இருக்கும். எனினும், பதிப்புகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு அழிக்கும் அதிகாரம் உடையவரை இது தடுக்காது. அதைத் தடுப்பது இரண்டாவதான ஆப்ஜெக்ட் லாக்; அமேசான் இதை 2018 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. ஒரு பதிப்புக்குக் காலக்கெடு குறித்துவிட்டால் அது முடியும்வரை அதை அழிக்கவோ மாற்றி எழுதவோ இயலாது. இதன் இலகுவான நிலையில் சிறப்பு அனுமதி பெற்றவர் பூட்டைத் திறக்கலாம். கடுமையான நிலையில், கணக்கின் தலைமைப் பயனர்கூடக் கெடுவைக் குறைக்க முடியாது. தவறுதலாகப் பத்து ஆண்டு எனக் குறித்துவிட்டால், கணக்கையே மூடினாலன்றிப் பத்து ஆண்டும் வாடகை செலுத்தியே ஆகவேண்டும். ஆகவே சிறிய பக்கெட் ஒன்றில் குறுகிய கெடுவுடன் சோதித்த பின்னரும், அன்றாடப் பணிக்குரிய கணக்கிலிருந்து பிரித்த தனிக் கணக்கிலும் இதைச் செயற்படுத்துவது முறையாகும்.

அழியாமை ஒரு பக்கமிருக்க, பிறர் கண்ணில் படாமை மற்றொரு பக்கம். 2023 ஜனவரி முதல் எஸ்3இல் எழுதப்படும் புதிய ஆப்ஜெக்டுகள் அனைத்தும் தாமாகவே குறியாக்கம் செய்யப்படுகின்றன. அதாவது, சாவி இன்றிப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. வட்டைத் திருடிச் செல்பவரிடமிருந்து இது காக்கும். முறையான அனுமதியோடு கோப்பைக் கேட்பவருக்கோ சேவையே சாவியிட்டுத் திறந்து கொடுத்துவிடும். பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட பக்கெட்டுகளிலிருந்து தரவு கசிந்த நிகழ்வுகள் பல நேர்ந்தன. பின்னர், புதிய பக்கெட்டுகள் தொடக்கத்திலேயே பொது அணுக்கத்துக்கு மூடியிருக்குமாறு 2023 ஏப்ரலில் மாற்றப்பட்டது. மருத்துவக் குறிப்புகள் போன்ற நுண்ணிய தரவுகளை நிறுவனம் தன் கணினியிலேயே குறியாக்கம் செய்து அனுப்பலாம். ஆயின், அச்சாவி தொலைந்தால் எத்தனை துண்டுகள் எங்கே பத்திரமாக இருந்தாலும் தரவு மீளாது.

காப்புநகலும் ஆவணக்காப்பும் ஒன்றல்ல. முன்னது இன்று இயங்கும் தரவை விபத்துக்குப் பின் விரைந்து மீட்பதற்கானது. பின்னது அன்றாடப் பயன் முடிந்த பதிவுகளைச் சட்டத்துக்காகவும் சான்றுக்காகவும் நெடுங்காலம் வைப்பதற்கானது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் கணக்கேடுகளைக் குறைந்தது 8 நிதியாண்டுகள் பேணப் பணிக்கிறது. அவற்றின் காப்புநகல் இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. எனவே பக்கெட் எந்த நாட்டில் அமைகிறது என்பதும் சட்டக் கேள்வியே. ஆவணக்காப்புக்கென மலிவான அடுக்குகள் உண்டு: அமேசான் 2019இல் தொடங்கிய டீப் ஆர்க்கைவ் அடுக்கின் அமெரிக்கக் கட்டணம் மாதத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 1 டாலராக இருந்தது, அதே அளவுக்குச் சாதாரண அடுக்கில் ஏறத்தாழ 23 டாலர். மலிவுக்கு விலையாக, கோப்பைக் கேட்டபின் 12 முதல் 48 மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும். 180 நாளுக்குமுன் அழித்தாலும் அக்காலத்துக்கான கட்டணம் உண்டு.

தரவை உள்ளே அனுப்புவதற்குப் பொதுவாகப் போக்குவரத்துக் கட்டணம் இல்லை. வெளியே எடுப்பதற்கு உண்டு. நேரமும் கணக்கில் கொள்ளத்தக்கது: நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 10 டெராபைட்டைத் திரும்பப் பெற ஒன்பது நாளுக்கும் மேலாகும். அத்தனை நாள் கடையையோ ஆலையையோ மூடி வைக்க இயலாத நிறுவனம், உடனே தேவைப்படும் சிறு பகுதியின் நகலை உள்ளூர் வட்டிலும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேறிடத்தில் என்ற பழைய விதி இதனால்தான் கிளவுட் காலத்திலும் செல்லுபடியாகிறது. தென்கொரியாவின் தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பரில் ஏற்பட்ட தீயில், வெளியிடத்தில் நகல் வைக்கப்படாத 858 டெராபைட் அரசு ஊழியர் கோப்புகள் அழிந்தன.

இறுதியாக, மீட்டுப் பார்க்காத நகலை நகலாகக் கொள்ள முடியாது. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுதளத்தை அழித்தபோது, எஸ்3இல் இருக்க வேண்டிய காப்புநகல்கள் அங்கே இல்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் அப்பணி தோல்வியடைந்து வந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரை எட்டவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த பிரதியே அந்நிறுவனத்தைக் காத்தது. ஆகவே காப்பு முறையொன்றை ஏற்கும் நிறுவனம், குறித்த காலந்தோறும் சில கோப்புகளையேனும் புதிய கணினியொன்றில் மீட்டெடுத்து, அதற்கு ஆன நேரத்தைப் பதிவு செய்து, பூட்டின் கெடுவையும் சாவி இருக்குமிடத்தையும் இருவரேனும் அறியுமாறு எழுதி வைப்பது சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.