மாத்திரைக்கு முன் மரபணுச் சோதனை

சுங்கை பஞ்சாங்கானாலும் கோல சிலாங்கூர் தோட்டங்களானாலும், இருமல் என்றால் முதலில் கடைச் சிரப், அப்புறம்தான் கிளினிக். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் வீடே நிம்மதியாகிவிடுகிறது. மூன்று வாரம் தாண்டியும் இருமல் விடவில்லை, சளியில் ரத்தம், எடையும் குறைகிறது என்றால் அந்த நிம்மதி ஆபத்து. நுரையீரல் புற்றுநோயாகவும் இருக்கலாம், மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மலேசியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகிறார்கள்.

சிகரெட்டே தொடாதவருக்குமா?

வரும். அடினோகார்சினோமா என்ற வகை, புகைக்காத பெண்களையும் பிடிக்கிறது. இந்த வகையில் கிழக்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், இந்திய நோயாளிகளில் சுமார் நால்வரில் ஒருவருக்கும் புற்றுச் செல்லின் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருக்கிறது. பெரும்பாலும் அது புற்றுக்குள் மட்டுமே உண்டாகும் மாற்றம். பிள்ளைகளுக்கும் போய்விடுமோ என்று பயந்து சோதனையை மறுக்க வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே மாத்திரையா?

2009-இல் ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை நோயை ஒன்பதரை மாதம் அடக்கி வைத்தது. கீமோ ஆறு மாதம் சொச்சம்தான். மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை ஒன்றரை மாதம்தான் தாங்கியது, கீமோ ஐந்தரை மாதம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குணம் தெரிந்த மாத்திரை நம் வீட்டு அப்பாவுக்குக் கெடுதலாக முடியலாம். பிறகு வந்த ஓசிமெர்டினிப் பதினெட்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததாக 2018-இல் வந்த முடிவு சொல்கிறது. நூறில் நாலைந்து பேருக்கு இருக்கும் ஏ.எல்.கே. மாற்றத்துக்கு மருந்தே வேறு.

துணுக்கில்தான் விஷயம்

பயாப்சியில் ஊசியோ குழாயோ விட்டு எடுக்கும் சதை, அரிசி நொய் அளவுதான் இருக்கும். அதை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுப்பார்கள். புற்றுதானா, எந்த வகை என்று பார்ப்பதற்கே பல சீவல்கள் தீர்ந்துவிடும். மிச்சம் இருந்தால்தான் மரபணுச் சோதனை. அதனால் பயாப்சிக்கு முன்பே, "மரபணுச் சோதனைக்கும் போதுமா, டாக்டர்?" என்று கேட்பது நல்லது. நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அதிலும் பார்க்கலாம். ரத்தத்திலும் முடியும், ஆனால் ரத்தத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதாலேயே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

காத்திருக்கும் நாட்கள்

முடிவு வரச் சில வாரம் ஆகலாம். மூச்சுத் திணறல் அதிகம் என்றால் காத்திருக்க முடியாது. அது மருத்துவர் முடிவு. மற்றபடி அவசரப்பட்டு, உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரப்பியைத் தொடங்கிவிட்டுப் பிறகு ஓசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது.

செலவை நினைத்து வாய்மூடி இருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் விசாரியுங்கள். தஞ்சோங் காராங்கிலோ சபாக் பெர்ணமிலோ காட்டிவிட்டுக் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ போகும்போது பயாப்சி ரிப்போர்ட் நகலும், மெழுகுத் துண்டு எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்ற விவரமும் கையில் இருக்கட்டும். மறுபடி ஊசி குத்த வேண்டிய தேவை இல்லாமல் போகலாம்.