தில்லிக் குளிரில் இட்லி மாவு

தில்லியில் மார்கழி, தை மாதங்களில் பல இரவுகளில் வெப்பநிலை 7 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம் வட்டாரங்களில் வீட்டிலேயே இட்லி அவித்து விற்றுக் குடும்பம் நடத்தும் தமிழ்ப் பெண்களுக்கு இது சோதனைக் காலம். மாவு பொங்காவிட்டால் அன்றைய வரும்படி போயிற்று. உளுந்துக்குப் போட்ட முதலும் போயிற்று.

மாவைப் பொங்க வைப்பவை உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு 30 டிகிரி அளவிலான வெப்பம் உகந்தது. சென்னையில் ஒரே இரவில் முடியும் வேலை, இங்கே ஒரு நாள் கடந்தும் முடிவதில்லை.

இதற்குக் கைகண்ட வழிகள் உண்டு. வெதுவெதுப்பான நீர் விட்டு மாவைக் கையால் நன்கு கலக்க வேண்டும். முதல் நாள் மாவில் ஒரு கரண்டி சேர்ப்பது நலம். மாவுப் பாத்திரத்தையும் ஒரு வெந்நீர்ச் செம்பையும் மரப்பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே ரஜாய் போர்த்திவிடலாம். நீர் ஆறியதும் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு அடுப்பை ஒட்டி வைத்தாலோ ஓரத்து மாவு வெந்து, நுண்ணுயிர்களும் மடிந்துவிடும்.

சோடா உப்பு இட்லியை உப்ப வைக்குமே தவிர, புளிப்பைத் தராது. வாடிக்கைக்காரர் நாக்கு அதை முதல் விள்ளலிலேயே கண்டுபிடித்துவிடும்!