கோழி மிதித்து முடமாகாது... காகிதம் வழுக்கினால் முடமாகும்!

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா’ என்பார்கள். ஆகாதுதான். ஆனால், தாயே இல்லாமல் பொரிப்பகத்திலிருந்து அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும் குஞ்சு முடமாகிவிடும். அதற்குப் பழைய செய்தித்தாள் ஒன்றே போதும். சிமென்ட் தரையில் வெறும் தாளை விரித்து விட்டால், குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் சறுக்கும். முதல் சில நாள்கள் இப்படியே சறுக்கினால், கால் விரிந்தபடி நின்றுவிடும். அந்தக் குஞ்சால் தண்ணீருக்கும் போக முடியாது, தீவனத்துக்கும் போக முடியாது.

நாட்டுக்கோழி வளர்க்கப் புதிதாக இறங்குபவர்கள் பல்புக்கும் மருந்துக்கும் கணக்குப் போடுவார்கள். தரையில் என்ன விரிப்பது என்பது குஞ்சு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். இளங்குஞ்சால் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் வரை தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. மேலே பல்பு எரிந்தாலும் கீழே தரை சில்லென்று இருந்தால், சூடு பாதம் வழியே இறங்கிவிடும். தாயின் அடிவயிறு தந்த கதகதப்பைப் புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூடுகாட்டி வளர்க்கும் தடுப்பில், பல்பும் தரையில் விரிக்கும் கூளமும் சேர்ந்துதான் தந்தாக வேண்டும்.

எதை விரிக்கலாம்?

நெல் விளையும் ஊர்களில் முதல் தேர்வு உமி. அரிசி ஆலையில் எளிதாகக் கிடைக்கும். லேசானது, சீக்கிரம் கட்டிதட்டாது. வாங்கும்போது ஒரு கை அள்ளிப் பாருங்கள். நொய் அதிகம் கலந்திருந்தால், அதைத் தேடிக் கொத்தும் குஞ்சுகள் உமியையும் சேர்த்து விழுங்கி இரைப்பையை நிரப்பிக்கொள்ளும்.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கழிவு தாராளம். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய ஈரத்தை எளிதில் விடாது என்பதுதான் சிக்கல். அதனால் நன்கு உலர்ந்ததை மட்டுமே எடுக்க வேண்டும். கடலைத்தோல் மெத்தென்று இருக்கும். நனைந்த மூட்டை என்றால் தொடவே வேண்டாம். அதில் படரும் பூஞ்சணத்தின் வித்துகளை மூச்சில் இழுக்கும் குஞ்சுக்கு நுரையீரல் நோய் வரும். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கும்.

தச்சுப்பட்டறையின் இழைப்புச் சுருள் நல்லது. அதே பட்டறையின் மாவு போன்ற மரத்தூள் கூடாது. குஞ்சு அதைத் தீவனம் என்று தின்னும். தூசி கண்ணிலும் மூச்சிலும் ஏறும். பிளைவுட் தூளும், மருந்தடித்த மரத்தின் தூளும் வேண்டவே வேண்டாம். வைக்கோல்தான் கையில் இருக்கிறது என்றால், ஓரிரு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். நீளமாகப் போட்டால் பாய் போலப் படிந்து, அடியில் ஈரம் தங்கும்.

குஞ்சு வருமுன்

பழைய கூளத்தை ஒட்டச் சுரண்டி எடுத்து, தரையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். புதுக் கூளத்தையும் வெயிலில் உலர்த்துங்கள். பிறகு 2 அங்குல உயரத்துக்குச் சமமாகப் பரப்புங்கள். மழை, பனிக்காலம் என்றால் 3 அங்குலம். மேடுபள்ளமாக இருந்தால் தண்ணீர்க் குவளை சாய்ந்து முதல் நாளே ஈரமாகிவிடும். சுற்றுத் தடுப்பை வட்டமாக வையுங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

முந்தின நாளே பல்பைப் போட்டுவிட வேண்டும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு தேவை. அடுத்தடுத்த வாரங்களில் 5 டிகிரி வீதம் குறைக்கலாம். கூளத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், அடிவரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள்கள் கூளத்தின் மேல் தாள் விரிப்பது உண்டு. உமியைத் தீவனம் என்று கொத்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சொரசொரப்பான தாளோ, நெளிவுள்ள அட்டையோ ஆனால் நகம் ஊன்றும். அதையும் தினமும் மாற்றி, குஞ்சுக்குத் தீவனத்தட்டு பழகியதும் எடுத்துவிட வேண்டும்.

பிடித்துப் பார்த்தால் தெரியும்

அதன்பிறகு ஈரம்தான் எதிரி. ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது. கொஞ்சம் ஒட்டி உடனே உதிர்ந்தால் பதம். ஒட்டவே ஒட்டாமல் பறந்தால் தூசித் தொல்லை வரும்.

ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தில் வெளியே வரும்போது உடனே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றித் தொற்றத் தயாராகும். சூட்டை நாமே பல்பு போட்டுக் கொடுக்கிறோம். ஈரத்தையாவது கொடுக்காமல் இருக்கலாம். தண்ணீர்க் குவளையை ஒரு செங்கல் மீதோ பலகை மீதோ வைத்து, நனைந்த கட்டிகளை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் குத்துக்காலிட்டு உட்காருங்கள். நிற்பவர் மூக்குக்கு எட்டாத அமோனியா நெடி, குஞ்சின் உயரத்தில் கண்ணைக் கரிக்கும். அப்படிக் கரித்தால் காற்றோட்டத்தைக் கூட்டி, ஈரக் கூளத்தை மாற்றுங்கள்.

உட்கார்ந்த கையோடு கூளத்தை ஒருமுறை கிளறிவிட்டு எழுந்திருங்கள். தாய்க்கோழி பகல் முழுக்கச் செய்கிற வேலை அது. புரூடரில் அதைச் செய்ய நம்மைத் தவிர ஆளில்லை.