வாங்கிய பிறகுதான் தெரியும் டிராக்டரின் குணம்!

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் சேறும் புழுதியும் உப்புக் காற்றும் இயந்திரத்தை என்ன செய்கின்றன? பழுது வந்தால் உரிமையாளர் கையில் என்ன இருக்க வேண்டும்?

‘எந்தக் கம்பெனி டிராக்டர் நல்லது?’ டிராக்டர் வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். டீக்கடையில் ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து பெயர் வரும். பத்து வருடமாக இன்ஜினில் கை வைக்கவில்லை என்பார் ஒருவர். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர், இரண்டாம் வருடமே கிளட்ச் போய்விட்டது என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவருடைய வண்டி புழுதியில் ஓடியிருக்கும். இன்னொருவருடையது சேற்றில் இறங்கியிருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் இந்த வித்தியாசம் அதிகம். ஒரே மாவட்டத்துக்குள் டிராக்டருக்கு மூன்று விதமான சோதனை இருக்கிறது. அதனால், கம்பெனி பெயரை மட்டும் விசாரித்துவிட்டு முன்பணம் கட்டுவது போதாது. நம் மண் அந்த வண்டியை என்ன செய்யும், பழுதானால் எவ்வளவு சீக்கிரம் ஆள் வருவார், வந்தவர் என்ன எழுதிக் கொடுப்பார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே வண்டி, மூன்று மண்

முதலாவது, கடைமடைச் சேறு. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை, கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால்களில் பிரிந்து காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரங்களுக்குப் பாய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊரே ஒன்றாகச் சேற்றுழவில் இறங்கும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் நாள் முழுக்க அச்சு முங்கும் சேற்றில் நிற்கும். இங்கே முதலில் அடிவாங்குவது ஆயில் சீல்கள். முன் சக்கர ஹப், பின் அச்சு, பிரேக் பெட்டி, கிளட்ச் பெட்டி என எந்த வழியில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனாலும் பேரிங் அரித்துவிடும், பிரேக் பிடிக்காது, கிளட்ச் வழுக்கும்.

இரண்டாவது, மேட்டுப் பகுதியின் புழுதி. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக்காடுகளிலும் செம்மண் நிலங்களிலும் கோடையுழவு ஓட்டும் வண்டிக்குச் சேறு ஒரு பிரச்னை இல்லை. காற்று வடிகட்டிதான் பிரச்னை. ஏர் ஃபில்டரில் அடைத்த புழுதியைக் கவனிக்காமல் ஓட்டினால், இன்ஜின் கறும்புகை விடும், இழுவை குறையும். அதைவிட மோசம், ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் விரிசல் விழுவது. அந்த வழியாகப் போகும் புழுதி பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் தேய்த்து, இன்ஜினை இறக்கிப் பார்க்கும் செலவில் கொண்டுபோய் விடும்.

மூன்றாவது, பார வண்டி. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கும், சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் டிரெய்லரில் கரும்பு இழுக்கும் டிராக்டர்களில் கிளட்ச் தட்டும் பிரேக்கும் டயரும் முன்னதாகவே தேயும். கிளட்ச் பெடல் மேல் பாதி காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும்.

இவை போக, பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்தில் கடற்காற்றின் உப்பு இருக்கிறது. மின்கம்பி முனைகள், பேட்டரி முனை, ரேடியேட்டர், போல்ட் எல்லாம் துருப்பிடிக்கும். காலையில் செல்ஃப் எடுக்காத வண்டிக்குப் பல நேரம் பேட்டரி காரணமாக இருப்பதில்லை. எர்த் கம்பி முனையில் பூத்திருக்கும் உப்பும் துருவுமே காரணம்.

வாங்கும் முன்பே ‘ரிசல்ட்’ பார்க்கலாம்

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில், 1955-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் இருக்கிறது. டிராக்டர் மாடல்களை அங்கே சோதித்து அறிக்கை வெளியிடுகிறார்கள். பி.டி.ஓ-வில் கிடைக்கும் சக்தி, டீசல் செலவு, இழுவை ஆகியவற்றோடு, சேற்றுழவில் ஓட்டிவிட்டுப் பாகங்களைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பெட்டிக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தது, எந்தப் பாகம் தேய்ந்தது என்பதையும் பதிவு செய்கிறார்கள். டெல்டா விவசாயிக்கு விளம்பரத்தைவிட இந்தப் பக்கம்தான் முக்கியம். வாங்க நினைக்கும் மாடலின் சோதனை அறிக்கையை டீலரிடம் கேட்கலாம். ஆங்கிலத்தில் இருந்தாலும், வீட்டில் படிக்கிற பிள்ளைகளை வைத்து அந்த அட்டவணையை மட்டும் பார்த்துவிட முடியும்.

அடுத்து பார்க்க வேண்டியது தூரம். சிதம்பரத்திலிருந்து கடலூர் ஏறக்குறைய 45 கிலோ மீட்டர். ஷோரூம் கடலூரில், வயல் காட்டுமன்னார்கோவில் பக்கம் என்றால், மெக்கானிக் வீட்டுக்கே வருவாரா, உதிரிபாகம் சிதம்பரத்தில் கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். சிதம்பரம் கடைகளில் அந்த மாடலுக்கான கிளட்ச் தட்டு, ஆயில் சீல், டீசல் ஃபில்டர் மூன்றும் இருக்கிறதா என்று ஒரு நடை விசாரித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பத்து நாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்பது சம்பா போடுகிறவர்களுக்குத் தெரியும். நாற்று முற்றிப்போகும். வாடகை வண்டி கேட்டால், ஊரே உழும் நேரத்தில் கிடைக்காது. நடவு தள்ளிப்போனால், வேர் பிடிக்காத பயிர் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். வங்கித் தவணையோ வண்டி நின்ற நாள்களைக் கழித்துக்கொள்ளாது.

வாரன்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

வாரன்டி என்பது வருடம், ஓடிய மணி நேரம் என இரண்டு கணக்கில் இருக்கும். எது முதலில் முடிகிறதோ, அதோடு வாரன்டி முடியும். வாடகைக்கு ஓடும் வண்டியில் மணி நேரம்தான் முந்திக்கொள்ளும். டயர், பேட்டரி, டீசல் பம்பு போன்றவற்றை டிராக்டர் கம்பெனி தயாரிப்பதில்லை என்பதால், அவற்றுக்குப் பல நேரங்களில் அந்தந்தத் தயாரிப்பாளரின் தனி வாரன்டிதான். கிளட்ச் தட்டு, பிரேக் லைனிங், ஃபில்டர், ஆயில் போன்ற தேயும் பொருள்களைப் பொதுவாக வாரன்டியில் சேர்ப்பதில்லை.

டெல்டாவில் அடிக்கடி தகராறு வரும் இடம் கேஜ் வீல். டயரோடு சேர்த்து மாட்டும் அரை கேஜ் வீலை அனுமதிக்கும் பல நிறுவனங்கள், டயரைக் கழற்றிவிட்டு முழு கேஜ் வீல் மாட்டினால் அச்சுக்கும் கியர் பெட்டிக்கும் வாரன்டி இல்லை என்று கையேட்டிலேயே எழுதிவிடுகின்றன. உரிமையாளருக்கு இது தெரிய வருவது, பெரும்பாலும் அச்சு போன பிறகுதான். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே கையேட்டின் வாரன்டி பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

சர்வீஸைத் தவறவிட்டாலும் வாரன்டி போகும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வரும். புது இன்ஜினில் உராய்ந்து விழும் இரும்புத் துகள் அந்த ஆயிலோடு வெளியேற வேண்டும். ‘உழவு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டால் இன்ஜினும் கெடும், வாரன்டியும் கெடும்.

ஜாப் கார்டு: தூக்கிப்போடக் கூடாத காகிதம்

கிளட்ச் மூன்று தடவை போயிருக்கும். மூன்று தடவையும் மெக்கானிக் வயலுக்கே வந்து சரிசெய்திருப்பார். உரிமையாளருக்கும் நிம்மதி, பணமும் கேட்கவில்லை. நான்காவது தடவை வாரன்டி முடிந்திருக்கும். ‘இது புதுப் பழுது’ என்று பில் போட்டால் என்ன செய்வது? முந்தைய மூன்று பழுதுக்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. வண்டி வைத்திருப்பவர்கள் பலர் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இது.

அதனால் ஒவ்வொரு தடவையும், இலவசப் பழுதாக இருந்தாலும், ஜாப் கார்டு கேட்டு வாங்க வேண்டும். தேதி, ஹவர் மீட்டர் எண், உரிமையாளர் சொன்ன குறை, மாற்றிய பாகம், வண்டி திரும்பி வந்த நாள் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடக் கூடாது; ‘கிளட்ச் வழுக்குகிறது’ என்று நாம் சொன்ன வார்த்தையையே எழுதச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கிடம் போனில் பேசியதை, அன்றே டீலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பினால் அதுவும் சாட்சிதான். கழற்றிய பாகத்தையும் ஹவர் மீட்டரையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. ‘வியாபார நோக்கத்துக்கு’ வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொன்னாலும், சுயதொழிலாகப் பிழைப்பு நடத்தவே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட இயந்திர வழக்கு ஒன்றில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆட்டோவோ இயந்திரமோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். துணைக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்திருந்தாலும் அந்த உரிமை போகாது. முழுக்க வேறு ஆளை வைத்தே ஓட்டுவதற்காக வாங்கியவருக்கு இது பொருந்தாது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனமும், வியாபாரத்துக்காக வாங்கியது என்பதால் தோற்றுப்போனது.

பழுது வந்தாலே புது வண்டி கிடைத்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2006-ல் மாருதி வேன் ஒன்றின் கிளட்ச் தொடர்பான வழக்கில், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே வாரன்டியின் கடமை, வண்டியையே மாற்றித்தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குறை தயாரிப்பிலேயே இருந்தது என்பதைக் காட்ட வல்லுநர் அறிக்கையும், ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்ததற்கான ஜாப் கார்டுகளும் வேண்டும்.

பழுது பார்க்கும் உரிமை வெளிநாடுகளிலும் பெரிய பேச்சாக இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாயிகள் தங்கள் இயந்திரங்களைத் தாங்களே பழுது பார்க்கத் தேவையான கையேடும் கருவியும் தர வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டது. இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தில், வேளாண் கருவிகளும் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

வெள்ளத்தில் முங்கிய வண்டி

2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எனக் கடலூருக்குத் தண்ணீர் புதிதில்லை. முங்கிய டிராக்டரைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி கம்பியைக் கழற்ற வேண்டும். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதைப் போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இன்ஜின், கியர் பெட்டி ஆயில்களையும் டீசலையும் வடித்து, ஃபில்டர்களை மாற்றி, மெக்கானிக் பார்த்த பிறகே சாவி போட வேண்டும். வெள்ளச் சேதத்துக்கு வாரன்டி கிடையாது. ‘தேர்டு பார்ட்டி’ காப்பீடு மட்டும் இருந்தால், நம் வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது.

வாசகர்களுக்கு வரும் சந்தேகங்கள்

*சேற்றுழவு முடிந்ததும் என்ன பார்க்க வேண்டும்?*

உழவு நடக்கும் நாள்களில் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸோடு சேறும் வெளியே வரும். பல டிராக்டர்களின் கிளட்ச் பெட்டிக்கு அடியில் வடிகால் துளை உண்டு. சேற்றில் இறங்கும் முன் அதை அடைத்து, ஏறியதும் திறந்து பார்க்க வேண்டும். கியர் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே மாற்றி, எந்த சீல் போனது என்று பார்க்க வேண்டும்.

*உள்ளூர்ப் பட்டறையில் பழுது பார்த்தால் வாரன்டி போய்விடுமா?*

வாரன்டி காலத்தில் இன்ஜின், கியர் பெட்டி, டீசல் பம்பு ஆகியவற்றை வெளியாள் பிரித்தால், கம்பெனி மறுக்க அதுவே காரணமாகிவிடும். அவசரம் என்றால், டீலருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் வந்த பிறகு பிரிக்கலாம். பஞ்சர், எர்த் கம்பி, பல்பு போன்ற சில்லறை வேலைகளுக்குப் பயப்பட வேண்டாம்.

*புகார் எங்கே கொடுப்பது? செலவு எவ்வளவு?*

முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள்களுக்கு அங்கேயே வழக்குப் போடலாம். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. வண்டியை வேறு மாவட்டத்தில் வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

*வண்டி பட்டறையில் நிற்கிறது. உழவுக்கு என்ன வழி?*

உழவன் செயலியில், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்குப் பதிவு செய்யலாம். சீசன் நேரத்தில் கூட்டம் இருக்கும் என்பதால், வண்டி நின்ற அன்றே பதிவு செய்துவிட வேண்டும். வெளியில் வாடகை கொடுத்து உழுதால் அந்த ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். இழப்பீடு கேட்கும்போது ஜாப் கார்டுக்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பது அதுதான்.