‘உங்க ஓட்டை யாரோ போட்டுட்டாங்க!’ - அப்போ பூத் அதிகாரி என்ன செய்யணும்? தேர்தல் பயிற்சியில் சொல்லித்தருவது இதுதான்!

“சார், உங்க ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுட்டாங்க.” ஒரு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனவரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அங்கே இருக்கும் அதிகாரி பயிற்சியைக் கவனித்தவர் என்றால், அவர் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். இல்லையென்றால் உரிமையை இழந்து வீடு திரும்புவார். அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்? பார்க்கலாம்.

யார் இந்த அதிகாரிகள்?

தேர்தல் ஆணையத்துக்கென்று தனியாகப் பெரிய படை கிடையாது. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள்தான் பூத்தில் உட்காருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் மட்டும் 68 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைமை அலுவலர், அவருக்குக் கீழே பொதுவாக மூன்று அலுவலர்கள். ஒருவர் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பார். இன்னொருவர் கையெழுத்து வாங்கி மை வைப்பார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்த்துக்கொள்வார். தேர்தல் பணி முடியும்வரை இவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பார்கள். யாருக்கு எந்த பூத் என்பதைக் கணினிக் குலுக்கல் மூலம் கடைசிக் கட்டத்தில்தான் முடிவு செய்வார்கள்.

காலை 5.30 மணி சோதனை

காலை 7 மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால், 90 நிமிடம் முன்பே ஏஜென்ட்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது 50 ஓட்டு. பிறகு எண்ணிக் காட்டி, அந்த ஓட்டுகளை அழித்து, விவிபேட் சீட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். ‘அழிக்கும் பட்டனை மறக்காதீங்க’ என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 13 பூத்களில் மறுவாக்குப்பதிவு நடந்தது. அவற்றில் சில இடங்களில் காரணமே இந்த மறதிதான்.

கள்ள ஓட்டு விழுந்துவிட்டால்?

‘சர்கார்’ படத்துக்குப் பிறகு பலருக்கும் தெரிந்த விதி 49-பி. வந்தவர் உண்மையான வாக்காளர்தான் என்று கேள்விகள் கேட்டு உறுதி செய்துகொண்டால், தலைமை அலுவலர் அவருக்கு டெண்டர் ஓட்டு தர வேண்டும். இது இயந்திரத்தில் அல்ல, வாக்குச்சீட்டில் போடுவது. தனி உறையில் பாதுகாக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆனால், முடிவை எதிர்த்து வழக்கு வந்தால் நீதிமன்றம் இதைக் கணக்கில் எடுக்க முடியும்.

எல்லோரும் ஓட்டுப் போட...

பார்வையற்றவர்களுக்காக இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் உள்ளன. தானாக பட்டனை அழுத்த முடியாதவர் உதவியாளரை அழைத்து வரலாம். ஆனால், ஒரு உதவியாளர் அன்றைக்கு ஒருவருக்குத்தான் உதவ முடியும். பூத் அதிகாரியே உதவியாளராகிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக மட்டும் உதவியாளரை அனுமதிக்கவும் கூடாது. அடையாள அட்டையில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால்? ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும், திருப்பி அனுப்பக் கூடாது.

மாலை 6 மணிக்கு வரிசை நீண்டிருந்தால்?

முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. அவர்களுக்குத் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டு தரப்படும். அதிலும் ஒரு நுணுக்கம்: சீட்டைக் கடைசி ஆளிடமிருந்துதான் கொடுக்கத் தொடங்க வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் புதிதாக ஆட்கள் சேர்ந்துவிடுவார்களே!

எல்லாம் முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்ட்களுக்கு நகல் தர வேண்டும். எண்ணிக்கை நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

பூத்தில் ‘ஓட்டு இல்லை’ என்று யாராவது சொன்னால் உடனே திரும்பி வந்துடாதீங்க. தலைமை அலுவலரைப் பார்க்கணும்னு கேளுங்க. டெண்டர் ஓட்டு, உதவியாளர் என எதுவாக இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.