கேப்பைக் கஞ்சிக்குள் கோகோ

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலையும் சர்க்கரையையும் அடுப்பில் வைத்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தால் பால்கோவா. ஒளித்துவைக்க அதில் ஒன்றுமில்லை. வாங்குகிற எல்லோருக்கும் அது இனிப்பு என்று தெரியும், காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிள்ளைக்கு அதை ஊட்டுவாரும் இல்லை. சாக்லேட் சுவையில் வரும் கஞ்சிமாவுக்கும் ஓட்ஸுக்கும் நான் கேட்பது அந்த நேர்மையைத்தான். 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது. காரணம், அப்படியொரு சொல்லுக்கு உணவுச் சட்டத்தில் வரையறையே கிடையாது. பெயரை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சர்க்கரை குறைந்துவிடாது. ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வரையறுத்தது. ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கே சுமார் ஆறு தேக்கரண்டிதான்.

ஆனால் சாக்லேட் மீது எனக்குப் பகையில்லை. கோகோத் தூள் கசப்பானது. இனிப்பு, நாம் போடுகிற சர்க்கரையால் வருவது. பிலிப்பைன்ஸில் அரிசியையும் கோகோவையும் சேர்த்துக் காய்ச்சும் சம்பொராடோ, வீட்டுக்கு வீடு தெரிந்த காலை உணவு. நாமும் கேப்பையில் அதைச் செய்யலாம். ஒரு கரண்டி கேப்பை மாவோடு அரைத் தேக்கரண்டி கோகோவை உலர்வாகவே கலந்து, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் பச்சை வாசனை போய் மினுமினுப்பு வரும்வரை கிண்டினால் பத்து நிமிடம் ஆகாது. காலை ஷிப்டுக்கு ராஜபாளையம் மில்லுக்கு ஓடுகிறவர்கள் வீட்டிலும் இது முடிகிற காரியம். 100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

கோகோ நம் மண்ணின் பொருளா என்று கேட்பவர்கள் உண்டு. கேப்பையே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்ததுதான். கோகோவும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக விளைகிறது. கருப்பட்டி போட்டால் தவறில்லையே என்பது அடுத்த கேள்வி. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், அளவு அதற்கும் உண்டு. கோகோவில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதும் மெய்யே. கேப்பையை முளைகட்டி அரைப்பதும், கஞ்சியோடு ஒரு கொய்யாப்பழம் கொடுப்பதும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். இனிப்பில்லாமல் பிள்ளை குடிக்காது என்றால் முதல் வாரம் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு, வாரத்துக்கு வாரம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

பாக்கெட்தான் வாங்குவீர்கள் என்றால் திருப்பிப் பாருங்கள். எடை அதிகமான பொருளை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் சர்க்கரை முதலிலோ இரண்டாவதாகவோ இருந்தால், அதைப் பால்கோவா வைக்கிற தட்டிலேயே வையுங்கள்.