இமயக் காசித்தும்பையும் பிரிட்டன் ஆறுகளும்

முற்றிய காசித்தும்பைக் காயை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 'பட்'டென வெடித்துத் தோல் சுருண்டுகொள்ள, விதைகள் நாலாபுறமும் சிதறும். சிறுவர்களுக்கு நல்ல விளையாட்டு! இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று பிரிட்டனின் ஆற்றங்கரைகளைப் படாத பாடு படுத்துகிறது என்றால் நம்புவீர்களா?

அச்செடியின் தாயகம் மேற்கு இமயமலை. இளஞ்சிவப்பு மலரின் அழகுக்காக 1839-ஆம் ஆண்டில் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். தோட்டத்தில் அடங்கியிருக்கவில்லை, ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. ஓராண்டே வாழும் செடிதான். ஆனால் அதற்குள் 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து, 800 விதைகள் வரை தந்துவிடும். வெடிக்கும் காயிலிருந்து விதை 7 மீட்டர் வரை பாயும். மீதித் தொலைவை ஆறு பார்த்துக்கொள்ளும்.

இதனால் என்ன தீங்கு? கோடையில் அதன் அடர்ந்த நிழலில் புல்லும் பூண்டும் நலிந்து மடிகின்றன. குளிர்காலம் வந்ததும் இச்செடியும் பட்டுப்போகிறது. வேரோ ஆழமில்லாதது. மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாத வெறுங்கரையை வெள்ளம் அரிக்கிறது. அந்த வண்டல் ஆற்றடிக் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டால், அங்கே கிடக்கும் சால்மன், டிரவுட் மீன்களின் முட்டைகள் பிராணவாயு கிடைக்காமல் அழியும்.

பிடுங்குவது எளிது, குழந்தையின் கைக்கும் வந்துவிடும். அரிவாளால் அறுப்பதானால் அடிக்கணுவுக்கும் கீழே அறுக்க வேண்டும். இல்லையேல் மீண்டும் துளிர்த்துப் பூக்கும். காய் முற்றிய பிறகு கை வைத்தீர்களோ, விதைப்பவர் நீங்களே!

ஆனாலும் பலருடைய உழைப்பு வீணாயிற்று. காரணம், தம் ஊர்க் கரையை மட்டும் அவர்கள் சுத்தம் செய்தார்கள். அடுத்த வெள்ளம் மேலிருந்து புதிய விதைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. எனவே, ஆற்றுக்கு நீர் தரும் பரப்பு முழுவதையும் ஒன்றாகக் கொண்டு, தலைப்பில் உள்ள சிற்றோடைகளில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவதே சரியான முறை. விதை மண்ணில் ஏறத்தாழ இரண்டாண்டுகளே உயிரோடிருக்கும். ஆகவே ஓரிடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் புதுவிதை விழாமல் காத்தால், பழைய கையிருப்பு தீர்ந்துவிடும்.

இமயத்திலேயே இச்செடியைத் தாக்கும் ஒரு துருநோய்ப் பூசணத்தையும் 2014-இல் பிரிட்டனில் விட்டார்கள். சில இடத்துச் செடிகள் அதற்கு மசிந்தன, சில மசியவில்லை.

தேனீ வளர்ப்போருக்கு மட்டும் இச்செடியின் மீது கோபமில்லை. மற்ற மலர்கள் குறைந்துபோகும் பருவத்திலும் இது தேனை வாரி வழங்குகிறதே! முதுகெல்லாம் வெள்ளை மகரந்தம் பூசிக்கொண்டு கூடு திரும்பும் தேனீயைக் கண்டால், அது எங்கே போய்வந்தது என்று அவர்களைக் கேட்கவே வேண்டாம்.